யாத்திரிகர் வழியில் யாத்திரிகர்கள் நடந்தார்களா?

கன்டர்பரி என்றதும் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெஃப்ரி சோசர்தான். ஆங்கில இலக்கியம் படிக்காதவர்களும் கதையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு கூட்டம் சனம் கன்டர்பரிப் பேராலயத்துக்கு யாத்திரை போகிறது. வழியில் அலுப்புத் தெரியாமல் இருக்க ஆளுக்கு ஆள் கதை சொல்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் தென்பகுதி வரைபடத்தைப் பாருங்கள். வின்செஸ்டர் நகரிலிருந்து கன்டர்பரி வரை, சுண்ணக் குன்றுகளின் சரிவு வழியே, ஏறக்குறைய 190 கிலோமீற்றருக்கு ஒரு பாதை விட்டு விட்டுத் தெரியும். பக்கத்தில் 'யாத்திரிகர் வழி' என்று எழுதியிருக்கும். இரண்டு முனையிலும் இரண்டு பழைய பேராலயங்கள், இடையில் வயல், காடு, ஆறு, சின்னச் சின்ன ஊர்கள். சோசரின் ஆக்கள் போன வழி இதுதான் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அது பிழை. சோசரின் யாத்திரிகர்கள் வின்செஸ்டர் பக்கமே போகவில்லை. அவர்கள் புறப்பட்டது லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் சவுத்வாக்கில், 'ரபார்ட்' என்ற சத்திரத்திலிருந்து. போனது ரோமர் காலத்து வொட்லிங் வீதி வழியாக, ரொச்செஸ்டர் பக்கமாக. அது வேறு பாதை, வேறு திசை, தூரமும் இதில் பாதிதான்.

அப்படியெண்டால் 'யாத்திரிகர் வழி'யில் நடந்த யாத்திரிகர்கள் ஆர்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த கதை, யாத்திரையைப் பற்றியதாக இருப்பதைவிட, ஒரு பெயர் எப்படி அழிகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பற்றியதாக இருந்தது.

ஒரு கொலை, ஒரு கல்லறை

தோமஸ் பெக்கெற் லண்டன் வியாபாரி ஒருவரின் மகன். இரண்டாம் ஹென்றி மன்னனுக்கு மிக நெருக்கமானவர், அரசின் சான்சலர். தன்னுடைய ஆளையே பேராயராக்கினால் திருச்சபை கைக்குள் அடங்கிவிடும் என்று மன்னன் கணக்குப் போட்டு, 1162இல் பெக்கெற்றைக் கன்டர்பரிப் பேராயராக்கினான். கணக்குப் பிழைத்துப் போனது. குற்றம் செய்த குருமாரை அரச நீதிமன்றம் விசாரிப்பதா, திருச்சபை நீதிமன்றம் விசாரிப்பதா என்பதில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். 1164இல் பெக்கெற் பிரான்சுக்குத் தப்பிப் போனார். ஆறு வருடம் கழித்து, 1170 டிசம்பரில் திரும்பி வந்தார். அதே மாதம் 29ஆம் திகதி மன்னனின் நான்கு மாவீரர்கள் பேராலயத்துக்குள்ளேயே புகுந்து அவரை வெட்டிக் கொன்றார்கள்.

1173இல் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். 1174 ஜூலையில் ஹென்றி மன்னனே சவுத்தாம்டன் துறைமுகத்தில் வந்து இறங்கி, கன்டர்பரிக்குப் போய், வெறுங்காலோடு நகருக்குள் நடந்து, கல்லறைக்கு முன்னால் துறவிகளின் கையால் அடி வாங்கினான். ஆட்சியில் இருக்கும் ஓர் அரசன் சனத்துக்கு முன்னால் இப்படித் தலை குனிவது லேசான விசயமில்லை. அதற்குப் பிறகு சனம் குவியத் தொடங்கியது. பெக்கெற்றின் இரத்தம் ஒரு துளி கலந்தது என்று நம்பப்பட்ட தண்ணீரைச் சின்ன உலோகக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தார்கள். யாத்திரிகர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படியான குப்பிகளும் யாத்திரைச் சின்னங்களும் தேம்ஸ் ஆற்றுச் சேற்றுக்குள்ளிருந்து இன்றைக்கும் கிடைக்கின்றன. 1220 ஜூலை 7ஆம் திகதி உடலை எடுத்துப் பேராலயத்தின் கிழக்குப் பக்கத்தில் பொன்னும் மணியும் பதித்த திருப்பேழையில் வைத்தார்கள்.

வின்செஸ்டரில் இருந்தவர் இன்னொரு புனிதர், சுவிதின். 863இல் இறந்த ஆயர். மழை விழுகிற இடத்தில், வெளியிலேயே தன்னைப் புதைக்கச் சொன்னாராம். 971இல் அவருடைய எச்சங்களை உள்ளே கொண்டுபோனார்கள். அவருடைய நாளான ஜூலை 15இல் மழை பெய்தால் அடுத்த 40 நாளும் பெய்யும் என்று ஆங்கிலேயர் இன்றைக்கும் பகிடியாகச் சொல்வார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் சவுத்தாம்டனுக்கு வருகிற ஒருவர் பக்கத்தில் உள்ள வின்செஸ்டரில் சுவிதினைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து கிழக்கே நடந்து பெக்கெற்றிடம் போகலாம்தானே? போகலாம். நியாயமான ஊகம்தான். ஆனால் ஊகம் வேறு, சான்று வேறு.

சேறும் சுண்ணமும்

ஊகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு முதலில் பாதையைப் பார்ப்பம். பெயர் எப்படியிருந்தாலும் பாதை உண்மையானது.

வின்செஸ்டருக்கு வெளியே புனித சிலுவை மடம் இருக்கிறது. 1130களில் ஆயர் ஹென்றி ஒஃப் புளுவா ஏழைகளுக்காகத் தொடங்கியது. வழிப்போக்கர் வாசலில் நின்று கேட்டால் ஒரு துண்டு பாணும் ஒரு சின்னக் கொம்புக் கோப்பையில் பியரும் கொடுப்பது அங்கே வழக்கம். இன்றைக்கும் கேட்டால் கிடைக்கும்.

அங்கிருந்து ஃபார்ன்ஹம் வரை ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஃபார்ன்ஹம் தாண்டியதும் வட டவுன்ஸ் என்ற சுண்ணக் குன்றுத் தொடர் தொடங்கிக் கிழக்கே கடல் வரை போகிறது. பாதையின் புத்திசாலித்தனம் இங்கேதான் விளங்கும். குன்றுக்குக் கீழே தெற்கில் களிமண் நிலம். மாரியில் முழங்கால் வரை புதையும் சேறு, முந்தி அடர்ந்த காடும்கூட. குன்றின் உச்சியிலும் பல இடங்களில் களிமண்ணும் கல்லும் கலந்த பற்றை. ஆனால் தெற்குச் சரிவில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெறும் சுண்ணம். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும், வெயிலும் நன்றாகப் படும். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவனோ சாமான் சுமந்து போகிறவனோ, ஆரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் கோட்டில்தான் நடப்பான். அடிவாரத்தில் ஊற்றுகள் இருப்பதால் ஊர்களும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. இப்படியான பாதைக்கு ஒரு புனிதர் தேவையில்லை. மண்ணே போதும்.

கில்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வே ஆற்றின் கரையில் ஒரு மேட்டில் புனித கத்தரீன் சிற்றாலயம் இடிந்து நிற்கிறது. கொஞ்சத் தூரத்தில் இன்னொரு குன்றின் உச்சியில் புனித மார்த்தா கோவில். மார்த்தாவும் கத்தரீனும் இராட்சத சகோதரிகள், இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சுத்தியல், அதைக் குன்றுக்குக் குன்று எறிந்து மாறி மாறிப் பாவித்து இரண்டு கோவிலையும் கட்டி முடித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எங்கட ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா?

அப்புறம் மோல் ஆறு, ரைகேற், ஒட்ஃபோர்டில் கன்டர்பரிப் பேராயர்களின் இடிந்த மாளிகை. மெட்வே ஆற்றைக் கடந்தால் கிற்ஸ் கோட்டி. மூன்று கல் நட்டு மேலே ஒரு கல் வைத்த புதிய கற்கால ஈமச்சின்னம். பெக்கெற் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் மனிதர் வாழ்ந்து, இறந்தவர்களைப் புதைத்து, நினைவுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். கடைசியில் சாரிங், சில்ஹம் ஊர்களைத் தாண்டினால் கன்டர்பரி.

1538

இரண்டு திருப்பேழைகளுக்கும் முடிவு வந்தது ஒரே மாதத்தில், 1538 செப்டெம்பரில். எட்டாம் ஹென்றி பாப்பரசரோடு முறித்துக்கொண்டு தானே திருச்சபைக்குத் தலைவனாகி, மடங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். கன்டர்பரியில் பெக்கெற்றின் பேழையை உடைத்து, பொன்னையும் மணிகளையும் வண்டி வண்டியாக அரச கருவூலத்துக்கு ஏற்றினார்கள். வின்செஸ்டரில் சுவிதினின் பேழையை இரவோடு இரவாக உடைத்தார்கள். பாதைக்குப் பக்கத்தில் பொக்ஸ்லி மடத்தில் கண்ணும் உதடும் அசையும் சிலுவைச் சுரூபம் ஒன்று இருந்தது. அதே வருட ஆரம்பத்தில் அதைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிகளைச் சந்தையில் சனத்துக்குக் காட்டி, பிறகு லண்டனுக்குக் கொண்டுபோய் அழித்தார்கள்.

பெக்கெற் விசயத்தில் மன்னனுக்குத் தங்கம் மட்டும் போதவில்லை. ஹென்றி என்ற பெயருள்ள ஒரு மன்னனை எதிர்த்து நின்று, செத்த பிறகும் வென்ற ஆள் அவர். இன்னொரு ஹென்றிக்கு அந்த ஞாபகமே ஆபத்து. அந்த நவம்பரில் ஒரு பிரகடனம் வந்தது. பெக்கெற் இனிப் புனிதர் இல்லை, அவருடைய படங்களை அகற்ற வேண்டும், திருநாள் இல்லை, செபப் புத்தகங்களிலிருந்து பெயரை அழிக்க வேண்டும். சனம் உண்மையிலேயே அழித்தது. பெயர் சுரண்டப்பட்ட, மையால் கோடு போடப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. சில பிரதிகளில் கோடு மெல்லியது. கீழே பெயரை வாசிக்கலாம். அந்தக் கோட்டைப் போட்டவர் வேணுமெண்டே மெல்லமாகப் போட்டாரோ என்று யோசிக்காமல் இருக்க எங்களால் முடியவில்லை.

பாதை அழியவில்லை. அதில் மாடும் ஆடும் வண்டியும் போய்க்கொண்டுதான் இருந்தன.

வரைபடத்தில் ஏறிய பெயர்

300 வருடம் கழித்துத்தான் கதை திரும்புகிறது. கென்ற் மாவட்டத்தில் பாதையின் சில துண்டுகளை ஊர்ச்சனம் ஏற்கனவே யாத்திரிகர் பாதை என்று அழைத்து வந்தது. 1855இல் கன்டர்பரி பற்றி வந்த ஒரு புத்தகத்தில் அல்பர்ட் வே என்ற பழம்பொருள் ஆராய்ச்சியாளர் இந்தப் பாதை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1871இல் எட்வர்ட் ரெனோர்ட் ஜேம்ஸ் என்பவர் மேற்கு சரேயில் பாதை எப்படிப் போனது என்று ஒரு சின்ன நூல் வெளியிட்டார். இந்த ஜேம்ஸ் சாதாரண ஆள் இல்லை. இராணுவப் பொறியியலாளர், ஓர்ட்னன்ஸ் சர்வே என்ற அரச நில அளவை நிறுவனத்தின் அதிகாரி. தன்னுடைய ஊகத்தை அவர் அரச வரைபடத்திலேயே ஏற்றிவிட்டார்.

ஓர்ட்னன்ஸ் சர்வே எப்படிப்பட்ட நிறுவனம் என்பதையும் சொல்லவேணும். 1791இல், பிரெஞ்சுக்காரர் படையெடுப்பார்கள் என்ற பயத்தில், கரையைக் காப்பதற்காகத் தொடங்கியது. அது வெளியிட்ட முதல் வரைபடமே 1801இல் வந்த கென்ற் வரைபடம்தான். அதற்கு ஒரு வருடம் முந்தி, 1800இல், அதே பிரித்தானிய ஆட்சி இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கியிருந்தது. வரைபடம் என்பது முதலில் படைக்கும் வரிக்கும் காணிக்கும் தேவைப்பட்ட சாமான். ஆனால் அதில் ஒரு பெயர் அச்சாகிவிட்டால் அதன் கதை மாறிவிடும். ஒரு கப்டன் "இப்படி இருந்திருக்கலாம்" என்று நினைத்தது, வாசிக்கிறவனுக்கு "இப்படித்தான் இருந்தது" என்று ஆகிவிடுகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரெயில், ஆலை, புகை என்று நாடு மாறிக்கொண்டிருந்த காலம். பழைய இங்கிலாந்து ஒன்றைத் தேடி நகரத்துப் படித்த ஆக்கள் நாட்டுப்புறத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். 1904இல் ஹிலேர் பெலொக் 'பழைய வீதி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். வின்செஸ்டரிலிருந்து கன்டர்பரி வரை, விடுபட்ட இடங்களையெல்லாம் ஊகித்து நிரப்பி, பெக்கெற் கொல்லப்பட்ட அதே டிசம்பர் 29இல் போய்ச் சேரும்படி நடந்து எழுதினார். பெலொக் கத்தோலிக்கர். நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கரை ஒதுக்கி வைத்த நாட்டில், அந்த மண் ஒருகாலத்தில் எங்கட ஆக்களுடையது என்று சொல்ல அவருக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. அந்த ஏக்கத்தை நாங்கள் சிரித்துத் தள்ளமாட்டோம். ஆனால் ஏக்கம் சான்றாகாது.

பெயர் வந்ததும் கதைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. பாதையோரம் நிற்கும் யூ மரங்களை வழி தெரிவதற்காக யாத்திரிகர்கள் நட்டார்களாம். உண்மையில் யூ சுண்ண மண்ணில் தானாகவே வளரும் மரம். அந்தப் பக்கம் காணப்படும் பெரிய நத்தைகளைச் சாப்பிடுவதற்காகப் பிரெஞ்சு யாத்திரிகர்கள் கொண்டுவந்தார்களாம். அந்த நத்தையின் ஓடுகள் ரோமர் காலத்து இடிபாடுகளிலேயே கிடைக்கின்றன. மார்த்தா என்ற பெயரே மறைசாட்சியைக் குறிக்கும் 'மார்ட்டர்' என்ற சொல்லின் திரிபு, ஆகவே அது பெக்கெற்றைக் குறிக்கும் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்தான். முதலில் பெயரை நம்பிவிட்டு, பிறகு மரத்தையும் நத்தையையும் அதற்குச் சாட்சிக்கு இழுத்து வருகிறார்கள்.

சாட்சி எங்கே?

1936இல் வில்ஃபிரட் ஹூப்பர் என்ற சரே வரலாற்றாளர் மத்தியகால ஆவணங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, வின்செஸ்டரிலிருந்து கன்டர்பரிக்கு இந்தக் குன்றுப் பாதையில் யாத்திரிகர் கூட்டம் போனதற்குத் தக்க சான்று இல்லை என்று எழுதினார். ஒருவருமே போயிருக்கமாட்டார்கள் என்பதல்ல இதன் பொருள். ஒரு சிலர் போயிருக்கலாம். ஆனால் பெயர் வைக்கும் அளவுக்குக் கூட்டம் போயிருந்தால் தடயம் இருக்கவேணும்.

தடயம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு லண்டன் வீதியைப் பாருங்கள். சோசரை விடுவம், அவர் கதை எழுதியவர். கன்டர்பரிக்கு மேற்கே அந்த வீதியில் ஹார்பிள்டவுன் என்ற ஊரில் தொழுநோயாளருக்காக 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம் ஒன்று இருக்கிறது. மனிதநேய அறிஞர் எராஸ்மஸ் 1526இல் வெளியிட்ட ஓர் உரையாடலில் அந்த இடம் வருகிறது. மடத்துக் கிழவர் ஒருவர் வீதிக்கு ஓடி வந்து தீர்த்தம் தெளித்து, பெக்கெற்றின் சப்பாத்துத் துண்டு ஒன்றை முத்தமிடச் சொல்லி நீட்டுகிறார். கூட வந்த நண்பருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. எராஸ்மஸின் பாத்திரமோ கிழவரைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு காசு கொடுக்கிறது. சத்திரம், மடம், உண்டியல், கிழவர், சப்பாத்து. யாத்திரை நடந்த வீதி இப்படித்தான் அடையாளங்களை விட்டுப் போகும்.

இதில் எங்களைப் பிடித்து நிறுத்திய விசயம் ஒன்று இருக்கிறது. 1538இல் அரசு ஒரு பெயரைப் புத்தகத்திலிருந்து அழிக்கச் சொன்னது. 19ஆம் நூற்றாண்டில் அரசின் இன்னொரு கை அதே யாத்திரையின் பெயரை வரைபடத்தில் எழுதியது. முதலாவதை அநியாயம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. இரண்டாவது நல்ல எண்ணத்தோடு நடந்தது, அழிந்துபோன ஒன்றுக்கு மரியாதை செய்வது போல இருந்தது, அதனால்தான் அதைக் கேள்வி கேட்க இத்தனை வருடம் எடுத்தது. இழந்தவர்களுக்குப் பெயர்கள் மேல் ஆசை அதிகம். அது எங்களுக்கும் தெரியும். அழிக்கப்பட்ட ஒன்றை மீட்கிறோம் என்று சொல்லி இல்லாத ஒன்றைக் கட்டினால், நாளைக்கு ஒருத்தர் வந்து அந்தக் கட்டுக்கதையை உடைக்கும்போது, உண்மையாகவே அழிக்கப்பட்டதையும் சேர்த்து உடைத்துவிட்டுப் போவார். பெக்கெற்றுக்கு நடந்தது உண்மை. பேழை உடைந்தது உண்மை. லண்டன் வீதியில் சனம் நடந்தது உண்மை. அவற்றுக்கு யூ மரத்தின் சாட்சி தேவையில்லை.

இப்போது

1978இல் ஃபார்ன்ஹத்திலிருந்து டோவர் வரை 246 கிலோமீற்றருக்கு 'வட டவுன்ஸ் வழி' என்ற தேசிய நடைவழியைத் திறந்தார்கள். யாத்திரிகர் வழியின் பல துண்டுகள் இப்போது தார் போட்ட வீதி என்பதால், இது பல இடங்களில் குன்றின் மேலால் விலகிப் போகிறது. வின்செஸ்டருக்கும் ஃபார்ன்ஹத்துக்கும் இடையில் பழைய தடத்தில் வாகனங்கள் பறப்பதால், 2002இல் 55 கிலோமீற்றருக்குப் புது நடைவழி ஒன்றை அமைத்து, அதற்குப் 'புனித சுவிதின் வழி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு இன்னும் 25 வயது ஆகவில்லை. 2014இல் தொடங்கிய பிரித்தானிய யாத்திரை அறக்கட்டளை, மத்தியகால கோஃப் வரைபடத்தில் உள்ள கோடு ஒன்றை வைத்து, சவுத்தாம்டனிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கன்டர்பரிக்குப் போகும் 'பழைய வழி'யை மீட்டிருக்கிறது. ஆக, மறுபடியும் ஒரு வரைபடம், மறுபடியும் ஒரு பெயர்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாதையில் நடப்பது வீண் வேலையா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பெலொக்கின் காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக உண்மையான சனம் உண்மையான காலால் அதில் நடந்துவிட்டது. சிலர் செபத்தோடு, சிலர் செத்துப்போன ஒருவரின் ஞாபகத்தோடு, சிலர் சும்மா. மத்தியகாலத்தில் இருந்தார்களோ இல்லையோ, இன்றைக்கு அந்த வழியில் யாத்திரிகர்கள் இருக்கிறார்கள். அதை 20ஆம் நூற்றாண்டின் யாத்திரை என்று நேர்மையாகச் சொன்னால் ஒரு குறையும் வந்துவிடாது.

கன்டர்பரிப் பேராலயத்தில் பெக்கெற்றின் பேழை இருந்த இடத்தில் பிறகு புதிதாக ஒன்றும் கட்டவில்லை. வெறும் தளத்தில் ஒரு மெழுகுதிரி எரிகிறது, அவ்வளவுதான். 190 கிலோமீற்றர் நடந்து போகிறவர் கடைசியில் பார்ப்பது அந்த வெறும் இடத்தைத்தான். இங்கே ஒன்று இருந்தது, உடைத்தார்கள், இப்போது இல்லை. அந்த இடம் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.